பதினாலாம் தேதிப் பொட்டலம்

"ஆ...ஆ...ஆ!"

காலை எட்டு மணி. ப்ரேமன் ரயில் நிலையத்துக்குப் பின்தெருவில் இருந்த அந்த ஹாஸ்டலின் சமையலறையிலிருந்து கிளம்பிய அலறல், மாடி ஏறிப்போய் எட்டுப் படுக்கை அறையின் குறட்டைகளை ஒரே வெட்டாக நிறுத்தியது.

அலறியவர் ஹாஸ்டல் முதலாளி ஊவே. நூற்றுப்பத்து கிலோ ஆசாமி. குரல் மட்டும் எலியைப் பார்த்த பள்ளிக்கூடப் பெண் மாதிரி!

மேஜையில் பாஸ்டியான்.

முகம் ஓட்ஸ் கிண்ணத்துக்குள். கையில் கரண்டி. உதடுகள் நீலம்.

ரயில் ஓடுகிறதா என்று விசாரித்துவிட்டு அப்போதுதான் திரும்பிய ஐனோ, வாசலில் அப்படியே நின்றாள். ஸ்டேஷனில் வாங்கிய உப்பு ரொட்டியில் பாதி இன்னும் கையில்.

முதலில் வந்தது பயமில்லை.

நிம்மதி!

அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

பின்லாந்தில் கிளம்பும்போது துணைக்கு முதுகுப்பை ஒன்றுதான். கோபன்ஹேகன் ஹாஸ்டலில் கீழ்ப் படுக்கையில் இவன். சரி. லூபெக்கில் எதிர்ப் படுக்கையில் இவன். சரி... தற்செயல். ப்ரேமனில் அவள் பையை இறக்கி வைக்குமுன் பக்கத்துக் கட்டிலிலிருந்து "ஹலோ ஐனோ..." என்றான் இவன்.

"என் பின்னாடியே வர்றியா?"

"ஐயோ, நல்ல கதை! ரயில் பாஸ் வச்சிருக்கிறவங்க எல்லாரும் ஒரே பாதையிலதான் சுத்துவோம். அது சரி... கோபன்ஹேகன் ஸ்டேஷன்ல போட்டோ எடுத்தியே, காட்டேன்."

மூன்று ஊரிலும் கேட்டான். மூன்று முறையும் சிரித்துக்கொண்டே. கண்கள் மட்டும் சிரிக்கவில்லை.

ஊவேயிடம் முறையிட்டாள். "பையனுக்கு உன்மேல ஒரு இது போலிருக்கும்மா" என்று கண்ணடித்துவிட்டு அடுத்த ஆளுக்குச் சாவி கொடுக்கப் போய்விட்டார்.

நேற்றுக் காலையே அவள் கிளம்பியிருப்பாள். ரயில் ஊழியர்கள் வேலைநிறுத்தம்! ஒரு வண்டி நகரவில்லை. அதே அறையில், அவனுக்குப் பக்கத்தில், இன்னொரு நாள்...

இன்ஸ்பெக்டர் ஹெட்விக் வந்தாள். ஐம்பது வயது. தூங்கிக்கொண்டே எல்லாவற்றையும் பார்க்கும் கண்கள். கூட வந்த டாக்டர் கிண்ணத்தை முகர்ந்துவிட்டு நிமிர்ந்தார்.

"விஷம். ஓட்ஸ்ல கலந்திருக்கு."

"ஓட்ஸ் எங்கேர்ந்து வந்துச்சு?"

ஊவே விரலால் அலமாரியின் கடைசித் தட்டைக் காட்டினார். அங்கே ஒரு பெரிய கண்ணாடி ஜாடி.

"அது பொதுத் தட்டு மேடம். இங்க எல்லாரும் சாப்பாட்டுப் பையில பேரும், ஊருக்குக் கிளம்புற தேதியும் எழுதி ஒட்டணும். தேதி முடிஞ்சுட்டா சொந்தக்காரன் கிடையாது. மிச்சத்தை நான் இந்த ஜாடியில கொட்டிடுவேன். யாரு வேணா எடுத்துக்கலாம்."

"கடைசியா யாரோடதைக் கொட்டினீங்க?"

ஊவே குப்பைக் கூடையைக் கிளறி, காலிப் பொட்டலம் ஒன்றை எடுத்தார். அடியில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. மேலே நீல மையில் கையெழுத்து.

'ஐனோ. பதினாலு.'

சமையலறையில் எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

"நேத்துதான் பதினாலு" என்றாள் ஹெட்விக். "நீங்க இன்னும் இங்கதானே இருக்கீங்க?"

"வேலைநிறுத்தம்... ஒரு நாள் கூடத் தங்கினேன். தேதியை மாத்தி எழுத மறந்துட்டேன்."

"மறந்துட்டீங்க. ம்... செத்தவரைப் பிடிக்காதாமே உங்களுக்கு?"

ஐனோ ஊவேயை முறைத்தாள். ஊவே கூரையைப் பார்த்தார்.

"விஷம் வைக்கிறவ பொட்டலத்துல பேரெழுதி ஒட்டுவாளா மேடம்?"

"கெட்டிக்காரியா இருந்தா ஒட்டுவா. ஸ்டேஷனுக்கு எதுக்குப் போனீங்க? தப்பிக்கவா?"

"ரயில் இருக்கான்னு பார்க்க! காலையில என் பொட்டலத்தைத் தேடினேன், தட்டுல காணோம். பசியோட போய் ரொட்டி வாங்கினேன்..."

"ரயில் இருக்குதா?"

"பதினொண்ணே முக்காலுக்கு."

"அதுல நீங்க போகப் போறதில்லை."

விலங்கு வெளியே வந்தது. சில்லென்ற இரும்பு ஐனோவின் மணிக்கட்டைத் தொட்டது. அன்னிய ஊர். அன்னியச் சிறை. பின்லாந்தில் அம்மா இன்று போட்டோ வருமென்று காத்திருப்பாள்...

போட்டோ!

"மேடம்! ஒரே நிமிஷம்... அவன் லாக்கரைத் திறந்து பாருங்க!"

"எதுக்கு?"

"எதுக்குன்னு எனக்கே தெரியாது. கோபன்ஹேகன் ஸ்டேஷன்ல நான் எடுத்த போட்டோவைக் காட்டுன்னு மூணு ஊர்லயும் கேட்டான். தயவு பண்ணி..."

ஹெட்விக் ஒரு கணம் யோசித்தாள். பாஸ்டியானின் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கிய சாவியைக் கழற்றினாள்.

அறை. இரும்பு லாக்கர். அவனுடைய பூட்டு. க்ளிக்!

உள்ளே ஒரு மஞ்சள் முதுகுப்பை.

ஐனோ குனிந்து பார்த்தாள்.

"இது... இது சுனிவாவோடது! கோபன்ஹேகன்ல என் மேல் படுக்கைப் பொண்ணு. நார்வேக்காரி. விடியறதுக்குள்ள சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டான்னு நினைச்சேன்..."

பைக்குள் சுனிவாவின் பாஸ்போர்ட். சட்டையொன்றில் உறைந்த ரத்தம். அடியில் சின்ன சீசா... பாதி காலி. வெள்ளைப் பொடி.

ஹெட்விக் நிதானமாக நிமிர்ந்தாள். "அந்த ஸ்டேஷன் போட்டோவை எடுங்க."

ஐனோ போனை எடுத்து விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். பிளாட்பாரம். அவளுடைய சிரிப்பு. அவள் தோளுக்குப் பின்னால்... மஞ்சள் பையோடு பாஸ்டியான்!

மூன்று வாரமாகக் கொலைச் சாட்சியை அவள் பையில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றியிருக்கிறாள்!

"ஊவே, பொட்டலத்தை எப்போ கொட்டினீங்க?"

"நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு. அப்போ அவன் ஆத்தங்கரைக்குப் போயிருந்தான் மேடம்."

"அதுக்கு முன்னாடியே பொடியைக் கலந்துட்டான். இந்தம்மா தினம் காலையில ஓட்ஸ் சாப்பிடுறது அவனுக்குத் தெரியும். இன்னிக்கு வந்து பார்த்தான்... பொட்டலம் இல்லை, ஆளும் இல்லை. தின்னுட்டு ஸ்டேஷன்ல விழுந்து கிடப்பாங்கன்னு நினைச்சிருப்பான்." ஹெட்விக் விலங்கைப் பைக்குள் போட்டாள். "ஆனா எல்லாரும் எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி ஜாடியில கை வச்சது எதுக்கு?"

"தினமும் அதான் பொழைப்பு" என்றார் ஊவே. "பதினோரு நாடு சுத்தியிருக்கேன், சாப்பாட்டுக்கு ஒரு காசு செலவு பண்ணினதில்லேன்னு என்கிட்டயே பீத்திக்கிட்டான். போற இடமெல்லாம் பொதுத் தட்டுதான்!"

ஐனோ கையிலிருந்த பாதி ரொட்டியை அப்போதுதான் கவனித்தாள்.

ஊவே அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"பாவம்... அந்த மாதிரி ஒரு ரொட்டியைச் சொந்தக் காசு போட்டு வாங்கியிருந்தா, இந்நேரம் கொலைகாரனா சௌக்கியமா இருந்திருப்பான்!"