கேசட்டில் இல்லாத வரி

கேசட்டில் இல்லாத ஒரு வரி நகலில் இருந்தது.

லிண்ட்சே ட்ரெலோர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஏப்ரலில் இறந்துபோன மனைவி பெரில், நாற்பது வருடத்துக்கு முன்னால் இந்தப் பழைய வீட்டுக் கணினியில் அடித்துக் கேசட்டில் சேமித்த தோட்டக் குறிப்புகள் அவை. கேசட் நைந்துகொண்டே வந்ததால், அதற்குப் பதிலாகக் கணினியின் முதுகில் செருகும் சிறு அட்டை ஒன்றை நண்பர் மெர்வ் செய்து கொடுத்திருந்தார்; லிண்ட்சே குறிப்புகளை அதில் நகலெடுத்திருந்தார். கடைசிக் குறிப்பு, உறைபனிக்குப் பயந்து தக்காளிச் செடிகளை மூடிவைத்ததைப் பற்றியது. அதற்குக் கீழே, பச்சை எழுத்தில்:

'லிண்ட்சே, விழுந்துட்டேன்.'

மெர்வுக்குப் போன் செய்தார். "என் அட்டை எழுத்தை முழுங்கும்ப்பா, சொந்தமா கதையெல்லாம் எழுதாது" என்று சிரித்த மெர்வ், இவர் சிரிக்காததைக் கவனித்துக் குரலைத் தணித்தார். பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் லேப்டாப்பில் இருக்கிறதே, நகலை அதில் போட்டுப் பார்க்கச் சொன்னார்.

ஆஸ்திரேலிய ஊரான பல்லாரட்டின் ஜூலை மாதக் குளிர்கால மழை, வீட்டுக்குப் பின்னால் அவர் வேலை செய்யும் கொட்டகையின் தகரக் கூரையில் விடாமல் பெய்துகொண்டிருந்தது. உருகிய ஈயத்தின் வாசனையோடு, எங்கிருந்தோ ஈரத் துணியின் வாசனையும் பெரில் போடும் சோப்பின் வாசனையும் மெல்ல மெல்லக் கலந்து, நாலு மணி வெளிச்சம் ஜன்னலிலிருந்து வடிந்துகொண்டிருக்க, லேப்டாப்பில் அதே குறிப்புகள் வந்தன. அதே வரி. கீழே இன்னொன்று.

'கூப்பிட்டேன். உனக்குக் கேட்டுச்சு.'

கேட்டிருந்தது. அவள் இறந்த அன்றைக்கும் இதே நாற்காலியில் உட்கார்ந்துதான் கம்பிகளுக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். துணி துவைக்கும் அறையிலிருந்து அவள் ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். இந்த ஒரு கம்பியை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தார். போகும்போது ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. எதுவும் காதில் விழவில்லை என்றுதான் டாக்டரிடம் சொன்னார். மகளிடமும்.

'இதோ வரேன்னு சொன்னே.'

லேப்டாப்பை மூடினார். அட்டையைப் பிடுங்கினார். சுவிட்சுகளை எல்லாம் அணைத்தார்.

மழை விட்டது. மழைக்கு அடியில் இவ்வளவு நேரமும் இருந்த சத்தம் இப்போது தனியாகக் கேட்டது. டக். டக். வீட்டுக்குள்ளிருந்து.

"வந்துட்டேன், பெரில்" என்றார். ஓடினார்.

துவைக்கும் அறையின் கதவு திறந்திருந்தது. சிமெண்ட் தரையில் பெரில் குப்புறக் கிடந்தாள். அதே நீலக் கம்பளிச் சட்டை. வலது கை கதவைப் பார்த்து நீண்டிருந்தது. விரல்கள் மட்டும் கணினியில் அடிப்பதுபோல ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தரையைத் தட்டிக்கொண்டிருந்தன. நகம் தேய்ந்து. சதை தேய்ந்து. எலும்பு வரை.