பொன் மேகத்தில் ஒரு காலை டிம்சம்

நல்ல டிம்சம், அதாவது சீனர்களின் ஆவிப் பலகாரம், எங்கே கிடைக்கும் என்று கேட்டு வருகிறவர்களை நான்தான் கூட்டிக்கொண்டு போவேன். எங்கள் சீனர் பேட்டையில், ஸ்டாக்டன் தெருவில் எந்தக் கடையில் மாவு மெல்லிசு, எந்தக் கடையில் நேற்று வேகவைத்ததை இன்று சூடாக்கித் தலையில் கட்டுகிறார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பொன் மேகம் என்ற கடைக்கு மட்டும் யாரையும் கூட்டிப்போனதில்லை. அதன் வாசலைத் தாண்டும்போதே எனக்கு வயிறு எரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் சித்தப்பா மகன் கா-லோக் வான்கூவரிலிருந்து வந்திருந்தான். இரண்டு கடைகளில் சாப்பிட்டும் அவனுக்குத் திருப்தியில்லை. பொன் மேகத்தின் வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்ததும் அவன் கால் நகரவில்லை.

"இவ்வளவு பேர் நிக்கறாங்கன்னா சும்மாவா? வாக்கா."

"யுக்-சிம் செத்த கடைடா இது."

"அது ஆச்சு நாலு வருஷம். இன்னுமா?"

பளாரென்று ஒன்று விட்டிருக்க வேண்டும். விடாமல் அவன் பின்னாலேயே படியேறினேன். கடை முதலாளி தாம் என்பவனின் மூஞ்சியை ஒரு தடவை நேருக்கு நேர் பார்க்க வேண்டும் என்று எனக்கும் இருந்தது.

யுக்-சிம் என் அக்கா. இங்கே மேசை மேசையாகப் பலகாரத் தள்ளுவண்டி தள்ளினாள். ஒரு நாள் காலையில் சமையலறைக் குளிரறைக்குள் விறைத்துக் கிடந்தாள். கடை மூடிய பிறகு இறால் திருட உள்ளே போய் மாட்டிக்கொண்டாள் என்று தாம் ஊரெல்லாம் சொன்னான். உள்பக்கத் தாழ்ப்பாள் உடைந்து கிடக்கிறது, எத்தனை சொன்னாலும் இந்த ஆள் காதில் வாங்குவதில்லை என்று அவள் என்னிடம் புலம்பியிருக்கிறாள். அதை நான் சொன்னேன். யார் நம்பினார்கள்? செத்தவள் திருடி ஆனாள், நான் திருடியின் தங்கச்சி ஆனேன். அது பொய் என்று அவன் வாயாலேயே நாலு பேர் முன்னால் சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

மூன்று பேர் உட்காரும் மேசை கிடைத்தது. கூட்டம் நெரியும் அந்தக் கடையில், மூன்றாவது நாற்காலிக்கு மட்டும் யாரும் வரவில்லை. கூடம் முழுக்க இஞ்சியும் கொதிக்கும் எண்ணெயும் மணத்தன. வண்டிக்காரப் பெண் இறால் கொழுக்கட்டைக் கூடையை வைத்துவிட்டுப் போனாள். கா-லோக் மூடியைத் திறந்தான்.

ஆவி வரவில்லை.

கொழுக்கட்டைகளின் மேல் வெள்ளையாக உறைபனி படிந்திருந்தது. நாள்பட்ட இறாலின் வாடை குப்பென்று அடித்தது.

"என்னக்கா இது, ஐஸ் கட்டி மாதிரி இருக்கு?"

நான் பதில் சொல்வதற்குள் தாம் முதலாளியே தேநீர்க் கெண்டியோடு வந்து நின்றான். பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"யுக்-கிட்! வராதவ வந்திருக்கே. பழசெல்லாம் மறந்தாச்சா? நல்லது, நல்லது."

பேசிக்கொண்டே, பழக்க தோஷத்தில், மேசையிலிருந்த மூன்று கோப்பைகளிலும் ஊற்றினான். யாராவது தேநீர் ஊற்றினால் நாங்கள் இரண்டு விரலால் மேசையைத் தட்டி நன்றி சொல்வோம். கா-லோக் தட்டினான். நான் கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். இவனுக்கு நன்றி ஒரு கேடா?

டொக். டொக்.

காலி நாற்காலியின் பக்கமிருந்து.

தாம் என் கைகளைப் பார்த்தான். பிறகு நாற்காலியைப் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது.

டொக். டொக். டொக்.

இப்போது அது விரல் மரத்தில் படும் சத்தமில்லை. கை முட்டியால் இரும்பை அறையும் சத்தம், சமையலறையிலிருந்து வந்தது. தாம் அங்கே ஓடினான். நானும் ஓடினேன்.

சமையல்காரர்கள் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார்கள்.

"குளிரறைக்குள்ள யாரும் இல்ல முதலாளி. நாங்க எல்லாரும் வெளியதான் இருக்கோம்."

"தொடை நடுங்கிப் பசங்களா!" தாம் கதவைத் திறந்து, விறைப்பாக உள்ளே போய் நின்றான். "பாருங்கடா, காலி!"

கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

வெளிப்பிடிக்குப் பக்கத்தில் நான்தான் நின்றிருந்தேன். யாரும் தொடுவதற்குள் அதைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டேன்.

"திற! புதுத் தாழ்ப்பாள் போட்டிருக்கேன், நகர மாட்டேங்குது!"

"எங்க அக்கா திருடினாளா?"

"யுக்-கிட், விளையாடாதே..."

"திருடினாளா?"

அவன் உள்ளிருந்து கதவை இடித்தான். பிறகு அவன் குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"இங்க யாரோ இருக்காங்க. மூச்சு என் கழுத்துல படுது."

"சத்தமா சொல்லு. எல்லாரும் கேக்கணும்."

"இல்ல! திருடல! நான்தான் இறால் எடுத்துட்டு வான்னு அனுப்பினேன்! மறந்துபோய்க் கடையைப் பூட்டிட்டேன்! அவ திருடல!"

சமையல்காரர்கள் தலையைக் குனிந்தார்கள். நான் பிடியை இழுத்தேன். கதவு சுலபமாகத் திறந்தது. தலைமுடியில் பனி படிந்திருக்க, தாம் தவழ்ந்து வெளியே வந்தான். உள்ளே ஒருவருமில்லை. கதவு அகலத் திறந்தே கிடந்தது.

டொக். டொக்.

அவன் காலடியில், தரைக்குக் கீழே.

தாம் அலறிக்கொண்டு எழுந்து ஓடினான். கூடத்தில் அவன் கடந்த மேசைகளிலெல்லாம் அந்தச் சத்தம் கூடவே போனது. படிகளில் இறங்கியது. ஜன்னல் வழியாகப் பார்த்தோம். தெருவில் அவன் ஓட ஓட, இன்னும் திறக்காத கடைகளின் இரும்புக் கதவுகள் ஒவ்வொன்றாக அதிர்ந்தன.

கா-லோக் என் கையைப் பிடித்தான்.

"அக்கா, அவளைக் கூப்பிடு. அதான் சொல்லிட்டான்ல? போதும்னு சொல்லு. நீ சொன்னா கேப்பா."

கேட்பாள்தான். உயிரோடு இருந்தவரை என் பேச்சை அவள் தட்டியதே இல்லை.

நான் கூப்பிடவில்லை.