தெளிந்த குருதி

சுவரில் பதித்திருந்த குருதிமானிக்குள் ஜெனிட்டா மறுபடியும் விரலை நீட்டினாள். மறுபடியும் பச்சை விளக்குதான். எதிர்ப்பொருள் இல்லை, ஆகவே உடல் தன்னையே தாக்கும் லூபஸ் நோயும் இல்லை.

“சுத்தம்னுதான் சொல்லுது மேடம். ஆனா கால் வீங்கிக் கெடக்கு. ஒண்ணுக்குப் போனா சோப்புத் தண்ணி மாரி நுரைக்கி.”

டாக்டர் அருள்மதி அவள் கணுக்காலை அழுத்தினாள். விரல் பதிந்த குழி மேலெழவில்லை. கன்னத்தில் சிவந்த தடிப்பு, வாயில் புண். கண்ணுக்குத் தெரிந்த நோயை மானி இல்லையென்றது.

தூத்துக்குடியில் குருதிமானி இல்லாத தெருவே கிடையாது. அது வந்தபின், சிறுநீரகத்தில் ஊசி செலுத்தித் திசு எடுக்கும் வழக்கம் ஒழிந்துபோயிற்று. அன்று கைதட்டி வரவேற்றவர்களில் அருள்மதியும் ஒருத்தி.

“பச்சை காட்டின பிள்ளைக்கு ஊசியா? உள்ள ரத்தம் கசிஞ்சா யாரு பொறுப்பு?” என்றார் தலைமை மருத்துவர்.

“நான்தான் சார்.”

ஊசியைத் தேடிப் பிடிப்பதற்குள் வாரங்கள் ஓடின. நுண்ணோக்கியைக் கிடங்கிலிருந்து தூசி தட்டி எடுத்தாள். ஜெனிட்டாவின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த திசு சாயம் தோய்ந்து ஒளிர்ந்தது. குருதியில் மானி தேடிய எதிர்ப்பொருள்களெல்லாம் சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் அப்பிக் கிடந்தன. குருதி தெளிந்திருந்தது அதனால்தான். பல வடிகட்டிகள் ஏற்கெனவே தழும்பாகியிருந்தன.

“மொதல்ல வந்தப்பவே பாத்திருந்தா?” ஜெனிட்டா கேட்டாள்.

“காப்பாத்தியிருக்கலாம்மா.”

ஜெனிட்டா அழவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

முடிவை அருள்மதி மானியில் பதிவு செய்தாள். திரை மறுத்தது: ‘எதிர்ப்பொருள் அற்ற லூபஸ் இதுவரை ஒருவருக்கும் இல்லை. பிழையான தகவல்.’

எப்படி இருக்கும்? பச்சை எரிந்தவர்களை யாரும் துளைத்துப் பார்க்கவில்லை. பார்க்காததால் பெயரில்லை, பெயரில்லாததால் நோயே இல்லை. மானி தன் தீர்ப்புகளிலிருந்தே பாடம் கற்றுக்கொண்டிருந்தது. அப்படியானால் அவர்களெல்லாம் எங்கே போனார்கள்?

மருந்து தொடங்கியும் தாமதமாகிவிட்டது. ஜெனிட்டாவை டயாலிசிஸ் கூடத்துக்கு அழைத்துப் போனபோது, பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் கண்மூடிக் கிடந்தாள்.

“ஒங்களுக்கு எதனால இப்பிடி ஆச்சு?” அருள்மதி கேட்டாள்.

“தெரியலம்மா. ரத்தத்துல ஒண்ணுமில்லன்னுட்டாவ.”

அதற்கடுத்த கட்டிலில் கிடந்தவள் தலையை மெல்லத் தூக்கினாள்.

“எனக்கும் அப்பிடித்தான் சொன்னாவ.”

கூடம் நீளமாக இருந்தது. அருள்மதி அடுத்த கட்டிலை நோக்கி நகர்ந்தாள்.