ஒரு சிட்டிகைப் பல்லுப்பு

இந்தக் காலத்து ஜனங்களுக்கு வாய் இருக்கிறது, கேள்வி கேட்கத்தான் வரவில்லை. எதை ஊற்றினாலும் குடிக்கிறார்கள் என்று முணுமுணுத்தபடி, மாதப்பன் தன் காலை மூத்திரக் குடுவையைச் சுவர்த் துளையில் கவிழ்த்தார். நிலவின் குமிழ்நகரில் எல்லா வீட்டுக்கும் இப்படித்தான் விடியும். மழை இல்லை, ஆறு இல்லை. மூத்திரம், வேர்வை, மூச்சில் கலந்த ஈரம் அத்தனையையும் தரைக்கடியில் மீள்நீர் ஆலை வடித்து, மதியத்துக்குள் குழாயில் திருப்பி அனுப்பிவிடும். அதில் டீ போட்டு, "பிரமாதம்" என்பார்கள்.

அப்படி வடித்த நீரில் உப்பு எதுவும் மிஞ்சாது. சிக்கலே அதுதான். அங்கே பிறந்த பிள்ளைகளுக்குப் பல் முளைத்த கையோடு சொத்தையும் வந்தது. மாதப்பனின் பேத்தி நீலவேணிக்கு ஐந்து வயதுதான். அதற்குள் மூன்று பல்லைப் பிடுங்கியாயிற்று. குழாய் நீரில் ஃப்ளோரைடு என்ற உப்பைச் சிட்டிகையளவு சேர்க்கலாம் என்றார் பல் மருத்துவர் ஷம்ஷாத். ஊர் அதற்குப் பல்லுப்பு என்று பெயர் வைத்தது. இன்று வாக்கெடுப்பு.

சபையில் மாதப்பன் எழுந்தார். இரண்டு முழங்காலும் வில்லாக வளைந்தவை. உதட்டை விரலால் தூக்கிக் காட்டினார். பல்லெல்லாம் பழுப்புக் கோடுகள்.

"நல்லாப் பாத்துக்குங்க. இது பீடி குடிச்சு வந்ததில்ல. பூமியில தருமபுரிப் பக்கம் பாறைக்கொட்டாய்தான் எங்க ஊரு. இந்த உப்ப அங்க யாரும் கொட்டல, பாறையே பம்புத் தண்ணியில கரைச்சுக் குடுத்துச்சு. பல்லு பழுத்துச்சு, காலு வளைஞ்சுது. பாதி ஊரு கோணிப்போன பெறகு அதிகாரிங்க வந்து பம்புக்குச் சிவப்புப் பெயின்ட் அடிச்சாங்க. சிவப்புன்னா குடிக்காதன்னு அர்த்தம். அதப் போயி நிலாவுக்குத் தூக்கிட்டு வரீங்களே, வெக்கமா இல்ல?"

"ஐயா, அது அளவு மீறிப்போனது. நான் கேக்குறது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூட இல்ல," என்றார் ஷம்ஷாத்.

"அளவா! சாராயம் குடிக்கிறவனும் அளவாத்தான் குடிக்கிறேங்கிறான்."

சபை சிரித்தது. சிரித்த சபை யார் பக்கம் சாயும் என்று சொல்லவும் வேண்டுமா? எண்ணும் எந்திரம் அறிவித்தது: எதிர்ப்பு அறுநூற்றுப் பதினொன்று, ஆதரவு ஒன்பது.

ஜெயித்த மனுஷனுக்குக் கை கொடுக்க வெளியே ஒருவரும் நிற்கவில்லை. அத்தனை பேரும் விற்பனை எந்திரத்தின் முன் வரிசையில் நின்றார்கள். பூமியிலிருந்து புதிதாக வந்திறங்கிய பாட்டில் தண்ணீர். அவருடைய மகள் பச்சையம்மாள் ஒன்றைத் திறந்து நீலவேணியின் வாயருகே கொண்டுபோனாள்.

"நீ பேசினதக் கேட்டுதான்ப்பா. இனிமே பாப்பாவுக்குக் கொழாத் தண்ணியே கெடையாது, தெனமும் இதான். சுத்த இயற்கையாம், ஒண்ணுமே கலக்கலயாம்."

மாதப்பன் பாட்டிலை வாங்கிப் பார்த்தார். எழுத்துக் கூட்டிப் படிக்க அவருக்கு நேரமாகும். ஆனால் படம் போதுமே. ஒரு பாறை, ஒரு புளியமரம், அதனடியில் ஒரு கைப்பம்பு. சிவப்புப் பம்பு. அதன் கீழே, பா... றை... பாறைக்கொட்டாய் ஊற்று.

"அடிப்பாவி, இதான்டி அந்தத் தண்ணி!" பாட்டிலை அங்கிருந்த சுவர்த் துளையில் தலைகீழாகக் கவிழ்த்தார். "கொட்டுங்கடா எல்லாரும்! இந்தப் பம்புதான்டா என் கால ஒடிச்சுது!"

"கத்தாதீங்க பெரியவரே," என்றான் வரிசையில் நின்ற ஒருவன். "அது அவங்க போடுற உப்பு. இது தானா இருக்குறது." வரிசை நகர்ந்தது.

ஷம்ஷாத் அருகில் வந்தார். "நான் கேட்ட அளவப் போல எட்டு மடங்கு அந்த பாட்டில்ல இருக்குங்கய்யா. அளவுன்னு நான் சொன்னது இப்பவாச்சும் புரியுதா? மறுபடி வாக்கெடுப்பு கேப்போம். நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஊரு கேக்கும்."

மாதப்பன் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன் டாக்டரம்மா, இந்த பாட்டில்லயும் எவனோ ஒருத்தன் அளந்து பாத்து, நல்லதுன்னுதான எழுதியிருப்பான்?"

பேத்தியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, காலை அகட்டி அகட்டி நடந்தார். நிலவில் உடம்பு ஆறில் ஒரு பங்கு கனம்தான் என்பார்கள். அதையும் அவர் முழங்கால் நம்பவில்லை.