வீட்டுக்காரரின் படம்

ஜெர்மனியின் வுப்பர்டாலில், மலைச்சரிவில் ஏறும் தெரு ஒன்றின் முடிவில் அந்த வீடு தனியாக நின்றது. அசூல் என்ற அகதித் தஞ்சம் கேட்டு வந்தவர்களை 1985 கார்த்திகையில் நகரசபை வாகனம் அங்கே இறக்கிவிட்டுப் போனது. கமலநாயகியின் கையில் ஒரு சூட்கேஸ். அதற்குள் இரண்டு சேலைகள், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பெற்ற இரசாயனவியல் பட்டம், சேலை மடிப்புக்குள் தம்பி விஜயரத்தினத்தின் படம்.

கதவைத் திறந்ததும் பெரிய கூடம். கறுப்பும் வெள்ளையுமாகக் கல் பதித்த தரை. ஈரக் கரியின் மணமும், அதற்கு அடியில் சப்பாத்துக்குப் பூசும் மைக்கட்டியின் மணமும்.

"ஆரோ இப்பதான் சப்பாத்துத் துடைச்சுப்போட்டுப் போன மாதிரிக் கிடக்கு," என்றாள் கூட வந்த அன்னப்பிள்ளை அக்கா. சமையலில் கெட்டிக்காரி. எல்லா மணமும் அவளுக்குத்தான் முதலில் தெரியும்.

"உங்களுக்காகத்தான் அக்கா துடைச்சிருப்பான்," என்றான் தவராசா. எதற்கும் பகிடி விடுகிறவன்.

நிலவறைக்குக் கரி எடுக்கப் போன தவராசாதான் படத்தைக் கண்டுபிடித்தான். சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்ததாம். நல்ல கனமான சட்டம். உள்ளே கோட்டுப் போட்ட ஒரு கனவான். நரை தொட்ட தலை, அமைதியான கண்கள். கோட்டின் மார்பில் மட்டும் சின்ன வட்டமாக ஏதோ சுரண்டப்பட்டிருந்தது.

"வீட்டுக்காரராக்கும்," என்றார் பரராசசிங்கம் அண்ணை. ஊரில் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்தவர். வயதில் மூத்தவர் என்பதால் அந்த வீட்டில் அவர் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. "செத்த மனுசனைக் கரிக்குள்ள போட்டு வைக்கிறதே? அவற்ற கூரைக்குக் கீழதானே இருக்கிறம். கொழுவி விடுவம்."

ஊர் வழக்கம்போலவே எல்லாம் நடந்தது. கூடத்துச் சுவரில் படம் ஏறியது. அன்னப்பிள்ளை அக்கா ஊரிலிருந்து கொண்டுவந்த சந்தனக்கட்டியைக் குழைத்துக் கண்ணாடியில் நெற்றிக்கு நேரே பொட்டு வைத்தாள். சுரண்டிய இடம் அசிங்கமாகத் தெரிகிறது என்று அதன் மேலும் ஒரு பொட்டு. கடதாசிப் பூமாலை. சின்ன விளக்கு.

வெளியே போகும்போது எல்லோரும் அவரைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். தவராசாவுக்கு ஒரு உணவுக்கடையில் வேலை கிடைத்தபோது, "கிழவன் சும்மா இல்லை," என்று சிரித்தான்.

கமலநாயகி அதிகம் பேசமாட்டாள். நாலுபேர் இருக்கும் இடத்தில் அவள் குரல் எழும்பாது. பனிக்காலத்தில் நாலு மணிக்கே இருட்டிவிடும். மற்றவர்கள் குசினியில் சமையலில் இருக்கும் அந்த நேரம் விளக்கேற்றுவது அவள் வேலையானது. அப்போதுதான் அவள் பேசினாள்.

தம்பியைப் போன வருடம் சுற்றிவளைப்பில் ஆமி கொண்டுபோனது. இருக்கிறானா, இல்லையா என்று தெரியாது. புறப்படும்போது அம்மா ஒன்று மட்டும் சொன்னாள்: "அவன்ர படத்துக்கு விளக்கு வைச்சிடாதை. பொட்டும் வைச்சிடாதை. அது செத்த ஆக்களுக்கு." ஆகவே அவனுடைய படம் சேலைக்குள்ளேயே இருந்தது. அவனுக்காக வேண்டிக்கொள்ள அவளுக்கு ஒரு முகம் தேவைப்பட்டது.

"விஜயரத்தினம்," என்று கனவானின் முகத்துக்கு அருகே போய் மெதுவாகச் சொன்னாள். "தம்பிமுத்து விஜயரத்தினம். இருபத்தொரு வயது. ஊர் கோண்டாவில். பாத்துக்கொள்ளுங்கோ, ஐயா."

அடுத்த நாளும் சொன்னாள். அதற்கடுத்த நாளும்.

ஒருநாள், சொல்லி முடித்ததும் சுவருக்குள் ஒரு சத்தம் கேட்டது. தாளில் பேனா ஓடுவது போல. நின்றது. ஒரு புள்ளி குத்துவது போலத் தட்டியது.

எலியாக்கும்.

பிறகு கண்ணாடி பனித்தது. துடைத்தாள், போகவில்லை. ஈரம் உட்பக்கத்தில் இருந்தது. விளக்குச் சூட்டில் காகிதத்தின் ஈரம் ஆவியாகும், அது இயல்புதான் என்று தனக்கே விளக்கினாள்.

ஆனால் அந்த ஈரம் பெருகிச் சுருங்கியது.

பெருகிச் சுருங்கியது.

முதலில் பார்த்தபோது அவர் நேராகத்தானே பார்த்துக்கொண்டிருந்தார்? இப்போது தலை சற்றுத் திரும்பியிருந்தது. இடது காது முழுதாகத் தெரிந்தது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், நீ அவரிடம் என்ன கதைத்தாய் என்று கேட்பார்களே என்று கூச்சம்.

எதிர்வீட்டில் பிராவ் கெஸ்லர் என்ற கிழவி இருந்தார். குளிருக்கு உடுப்புகள் கொண்டுவந்து தருவார். எப்போதும் படலைக் கதவுக்கு வெளியே நின்றே தருவார். மார்கழியில் ஒருநாள் காலை உறைபனி. கோட்டுகளோடு வந்த கிழவி வழுக்கி விழப் பார்த்தார். கமலநாயகி ஓடிப்போய்த் தாங்கி, தனக்குத் தெரிந்த கொஞ்ச ஜெர்மன் மொழியில் தேநீர் குடிக்க அழைத்து, கையைப் பிடித்து வாசல்வரை கூட்டி வந்துவிட்டாள். கதவு திறந்தது.

கிழவியின் கையிலிருந்த கோட்டுகள் கீழே விழுந்தன.

விளக்கையும் மாலையையும் சந்தனத்தையும் அவர் வெகுநேரம் பார்த்தார்.

"இவரை ஏன் கும்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார்.

"இது அவருடைய வீடுதானே?"

"இல்லை. இது ஒரு யூத வைத்தியருடைய வீடு." கிழவி வாசற்படியைத் தாண்டவில்லை. கமலநாயகிக்கு விளங்கவேண்டும் என்று சின்னச் சின்ன வார்த்தைகளாகச் சொன்னார்.

படத்தில் இருப்பவர் பெயர் ராத்கன். சப்பாத்துக் கடைக்காரரின் மகன். நாசிக் கட்சிக்காரரின் கூட்டங்களுக்குக் கடையில் உட்காரும் கதிரைகளை இரவல் கொடுத்துத்தான் தொடங்கினார். அவர்கள் ஆட்சிக்கு வந்ததும் அவருக்கு ஒரு மேசை கிடைத்தது. பிறகு கார். பிறகு இந்த மாகாணம் முழுவதற்கும் அதிகாரம். பிறகு, வைத்தியர் குடும்பத்தை முகாமுக்கு ரயிலேற்றிவிட்டு, இந்த வீடு.

"தெருச்சனம் மாலையில் இங்கே வரும். இந்தக் கூடத்தில்தான் அவர் நிற்பார். பெயர் சொல்லுவார்கள். பக்கத்து வீட்டுக்காரன், பள்ளி ஆசிரியர், யாரையாவது. உரக்கச் சொல்லத் தேவையில்லை. அவர் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுப்பார். எழுதிக்கொள்வார். பெயர், வயது, ஊர். அப்படிப் போனவர்கள் திரும்பி வரவில்லை."

கமலநாயகி படத்தின் காதைப் பார்த்தாள்.

"பிறகு?"

"போரில் தோற்றதும் படத்தின் மார்பிலிருந்த கட்சிச் சின்னத்தைச் சுரண்டிவிட்டு, சீருடையை ஆற்றில் எறிந்துவிட்டுக் கரிக்குள் ஒளிந்தார். பெயர் சொன்ன அதே சனம் அவருடைய பெயரை அமெரிக்கச் சிப்பாய்களிடம் சொல்லியது. சிறைக்குப் போனார். சீக்கிரமே விட்டுவிட்டார்கள், நிலவறையில் ஒண்டிக்கொண்டார். மாலையானால் இந்தக் கூடத்துக்கு வந்து, சப்பாத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு கதவைப் பார்த்து நிற்பார், யாராவது வருவார்கள் என்று. ஒருவரும் வரவில்லை. ஒருநாள் நின்ற இடத்திலேயே செத்துக் கிடந்தார்."

கிழவி படத்தைப் பார்க்காமல் திரும்பினார். "முப்பது வருடமாக இந்த வீட்டில் அவரோடு யாரும் பேசவில்லை," என்றார். "நீங்களும் பேசாதீர்கள்."

குசினியில் கமலநாயகி இதைச் சொன்னபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. தவராசாவுக்குப் பகிடி வரவில்லை.

"எங்களுக்கு என்னண்டு தெரியும், பிள்ளை?" என்றார் பரராசசிங்கம் அண்ணை. "பள்ளிக்கூட அதிபர் மாதிரி இருந்தார். ஆமிக்குப் பயந்து இவ்வளவு தூரம் ஓடி வந்து, கடைசியில ஆரைக் கும்பிட்டிருக்கிறம்..."

"நான் என்ர கையால பொட்டு வைச்சனான்," என்றாள் அன்னப்பிள்ளை அக்கா. கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். திரும்பவும் கழுவினாள்.

தான் ஒரு பெயர் சொன்னதைக் கமலநாயகி சொல்லவில்லை.

அன்று மத்தியானமே படத்தை முற்றத்தில் போட்டு எரித்தார்கள். கண்ணாடி வெடித்தது. அந்தக் காதுதான் கடைசியாகக் கருகியது. சந்தனக்கட்டியையும் விளக்கையும் அன்னப்பிள்ளை அக்கா ஆற்றுப் பாலத்திலிருந்து எறிந்தாள். அவை தண்ணீருக்குள் போவதைக் கமலநாயகி பக்கத்தில் நின்று பார்த்தாள்.

நாலு மணிக்கு இருட்டியது. சுவரில் ஆணி மட்டும் இருந்தது.

அவள் கூடத்துக்குப் போனாள். ஆணிக்கு முன்னால் நின்றாள். வெட்கத்தில் காது மடல்கள் எரிந்தன.

"நான் சொன்ன பேரை வெட்டி விடுங்கோ," என்று மெதுவாகச் சொன்னாள். "தெரியாமல் சொல்லிப்போட்டன். அவன் ஒண்டும் செய்யேல்லை, ஐயா."

ஐயா என்று வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சப்பாத்து மைக்கட்டியின் மணம் எழுந்தது.

கல் தரையில், அவளுக்கு மிக அருகில், இரண்டு சப்பாத்துக் குதிகள் ஒன்றோடொன்று தட்டின.

பிறகு ஒரு சத்தமும் இல்லை. பேனா ஓடவில்லை. எதையும் வெட்டவில்லை.

அவள் படியேறி ஓடினாள். கதவைச் சாத்தினாள். கட்டிலுக்கு அடியிலிருந்து சூட்கேசை இழுத்தாள். பூட்டு பூட்டியபடியே இருந்தது. திறந்தாள். சேலை போட்ட மடிப்பிலேயே இருந்தது.

மடிப்பை விரிக்கும் முன்பே சந்தனம் மணத்தது.

தம்பி சிரித்துக்கொண்டிருந்தான். அவன் நெற்றியில் ஒரு பொட்டு. பெண் விரல் வைத்தது அல்ல. அகன்ற பெருவிரல், அதன் ரேகைகளுக்குள் கரி.

கமலநாயகி தொட்டுப் பார்த்தாள்.

அது இன்னும் காயவில்லை.