முப்பிடாதி எழுதாத சைபர்

"நான் மழைமானிப் பக்கமே போகலன்னு இந்தத் தாளு சொல்லுதாம் தாயி!"

அச்சடித்த அறிக்கையைப் பானுவின் மேசையில் வைத்தாள் முப்பிடாதி. அவள் குளத்தூரில் ஆடு மேய்ப்பவள். ஓர் அறக்கட்டளையின் மழைமானியை ஒன்பது வருஷமாகத் தினமும் பார்த்து, மழையோடு வெப்பம், காற்றையும் நோட்டில் எழுதுகிறவள். ஒருநாள்கூடத் தவறியதில்லை என்பதே அவளுடைய பெருமை. அதைத்தான் இப்போது பறிக்கப் பார்க்கிறார்கள்; மழைமானியையும் வேறு ஆளிடம் கொடுக்கப் போகிறார்களாம். அறக்கட்டளையின் மேற்பார்வையாளர் செண்பகராஜ் அவளுடைய நோட்டு இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

பானு கோவில்பட்டியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துபவள். சிக்கல் என்று வந்தால் அவளுக்கு நிதானம் கூடும். அவளிடம் வேலை பார்க்கும் முத்துச்செல்விக்கோ உடனே ஆளைப் பிடித்தாக வேண்டும்.

"டைப் அடிச்சவுகதான்க்கா வேணும்னே அழிச்சிருக்காவ!"

"சும்மா இரு, ஏட்டி."

ஒவ்வொரு பத்தியிலும் எத்தனை கட்டங்கள் காலி என்று அறிக்கையின் அடியில் இருந்தது. வெப்பம் 0. காற்று 0. மழை 23. செப்டம்பர் 22 முதல் அக்டோபர் 14 வரை மழைக் கட்டங்கள் வரிசையாகக் காலி. அதற்கு முன்பெல்லாம் சைபர்.

"டீயக் குடிங்கக்கா. இன்னைக்கு அங்கன மழை உண்டா?" என்றாள் பானு.

"வரும்."

"நேத்து?"

"அதான் வரும்னேன்லா."

நேற்றைய மழை எப்படி இனி வரும்? முத்துச்செல்விக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பானு சிரிக்கவில்லை.

"விதைப்பு எப்ப முடிஞ்சது?"

"புரட்டாசி அஞ்சுல. விதை மண்ணுக்குள்ள கெடக்கு."

முத்துச்செல்வி காலண்டரைப் புரட்டினாள். செப்டம்பர் 21.

பானு செண்பகராஜிடம் திரும்பினாள். "அண்ணாச்சி, இவிய அங்கன போகலன்னா மூணு பத்தியும்லா காலியா இருக்கணும்?"

"மத்த ரெண்டையும் வீட்டுல இருந்தே எழுதியிருக்கலாம்லா?"

"பொய் எழுதுறவியளுக்கு ரொம்ப லேசு மழைதான். காஞ்சு கெடக்குற மாசத்துல சைபர்னு போட்டா யாரு கேப்பா? அத மட்டும் விடுவாவளா? அந்தக் கட்டத்துல எண்ணுதான் ஏறும். எழுத்து அடிச்சா கம்ப்யூட்டர் காலியா விட்டுரும். அப்ப விதைச்ச மறுநாள்ல இருந்து நோட்டுல எழுத்துதான் இருக்கணும். என்ன எழுத்துன்னு இவியளே ரெண்டு தடவ சொல்லிட்டாவ. திறந்து பாருங்க."

செண்பகராஜ் அப்போதுதான் நோட்டைத் திறந்தார். இருபத்துமூன்று வரிகளிலும் குண்டு குண்டாக ஒரே சொல்: வரும்.

"வெறும் மண்ணுக்குச் சைபர் போடலாம்," என்றாள் முப்பிடாதி. "விதை காத்துக் கெடக்கையில போட எனக்குக் கை வராது."

செண்பகராஜின் முகம் சுண்டிப்போனது. "எங்க வீட்டுலயும் அரிசி தீந்தா நெறஞ்சிருக்குன்னுதான் சொல்லுவோம். நோட்டப் பாக்காம பேசிட்டேன், மன்னிச்சிருங்க. மழைமானி உங்ககிட்டயேதான் இருக்கும்."

செண்பகராஜ் கொண்டுவந்திருந்த கணினிக் கோப்பில் பானு 'குறிப்பு' என்று புதுப் பத்தி ஒன்றைச் சேர்த்தாள். முத்துச்செல்வி 'வரும்' எல்லாவற்றையும் அதில் ஏற்றி, மழைக் கட்டங்களில் சைபர் அடித்தாள். அந்த நேரம் முப்பிடாதி வேண்டுமென்றே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புது அறிக்கை வந்தது. மழை, காலி: 0.

"இங்கனயும் சைபரா?" முப்பிடாதி முகத்தைச் சுளித்தாள்.

"இது வேற சைபர்க்கா," என்றாள் முத்துச்செல்வி. அவளுக்கே நெஞ்சு நிமிர்ந்தது. "நீங்க ஒருநாளும் தவறலன்னு அர்த்தம்."

முப்பிடாதி அந்த எண்ணை விரலால் தடவிப் பார்த்தாள். தாளை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அப்ப இந்தச் சைபர் எனக்கு இருக்கட்டும்."