மூவருக்கும் ஓர் இடம்

மூன்று நாள் மழையில் காளீஸ்வரியின் வீட்டுப் பின்சுவர் இடிந்து விழுந்தது. கரிசல் மண் ஊறிப்போய், மற்ற சுவர்களிலும் கை நுழையும் அளவுக்கு விரிசல். இனி யாரும் உள்ளே இருக்கக் கூடாது என்று சொல்லி, வாடகைக்கு விட்டிருந்த வீட்டு உரிமையாளர் கதவைப் பூட்டிவிட்டார்.

அம்மா, ஆறாம் வகுப்புப் படிக்கும் காளீஸ்வரி, நான்கு வயதுத் தம்பி இசக்கி. மூவரும் இரண்டு பைகளோடு கோவில்பட்டி பேருந்து நிலையத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. பசுவந்தனையில் மாமா வீட்டிலும் தண்ணீர் புகுந்திருந்தது. வேறு எங்கே போவதென்று அம்மாவுக்குத் தெரியவில்லை.

"எந்த பஸ்ல போறோம்?" என்று இசக்கி மூன்றாம் முறையாகக் கேட்டான். எட்டயபுரம் பேருந்து வந்து போனது. ஒவ்வொரு பேருந்துக்கும் இசக்கி எழுந்து, பையைத் தூக்கப் பார்த்து, மறுபடி உட்கார்ந்தான்.

மணி நாலரை. காளீஸ்வரி வானத்தைப் பார்த்தாள். இருட்டினால் என்ன செய்வது? அப்போது, பள்ளிச் சுவரில் பெரிதாக எழுதியிருக்கும் எண் அவள் நினைவுக்கு வந்தது. 1098. ஆபத்தில் இருக்கும் பிள்ளைகள் கூப்பிடுவதற்கான எண். அம்மாவிடம் சொன்னாள்.

"வேண்டாம்ட்டி. உங்க ரெண்டு பேரையும் எங்கயாவது ஹாஸ்டல்ல சேர்த்துருவாவ. பெறவு நான் உங்கள எங்கன போய்த் தேடுவேன்?" அம்மா இசக்கியை மடியில் இழுத்துக்கொண்டார்.

காளீஸ்வரிக்கும் அந்தப் பயம் ஒட்டிக்கொண்டது.

"அதையே மொதல்ல கேப்போம்மா. பிரிப்போம்னு சொன்னா போனை வச்சிருதேன்."

அம்மாவின் கைப்பேசி நனைந்து அணைந்துபோயிருந்தது. எதிரே இருந்த டீக்கடைக்காரர் சோலைராஜ் அண்ணாச்சியிடம் போய்க் கேட்டாள். அவர் அவளைப் பார்த்தார், பைகளைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் தன் கைப்பேசியை நீட்டினார்.

மறுமுனையில் ஓர் அக்காவின் குரல் கேட்டது. காளீஸ்வரி தன் பெயரைக்கூடச் சொல்லவில்லை.

"எங்கம்மாகிட்ட இருந்து எங்களப் பிரிச்சிருவீங்களா?"

"அம்மாவும் கூட இருக்காங்களா? அப்ப மூணு பேருக்கும் சேர்த்தே இடம் பார்ப்போம். எங்க இருக்கீங்க, சொல்லும்மா."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, கைப்பேசியை அம்மாவின் காதில் வைத்தாள். அம்மா நிறுத்தாமல் பேசினார்.

ஒரு மணி நேரத்தில் ஆள் வரும் என்றார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று. யாரும் வரவில்லை. விளக்குகள் எரியத் தொடங்கின. சோலைராஜ் அண்ணாச்சி கொடுத்த இரண்டு பிஸ்கட்டில் ஒன்றை இசக்கி பைக்குள் வைத்தான், பஸ்ஸில் சாப்பிடுவதற்காம். அம்மா காளீஸ்வரியின் கையை வலிக்கும்படி பிடித்திருந்தார்.

கடைசியில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. கழுத்தில் அடையாள அட்டையோடு இறங்கிய பெண், தன் பெயர் சுகுணா என்றார். சாலையில் தண்ணீர் தேங்கி, சுற்றி வர வேண்டியதாகிவிட்டதாம்.

அவர் அழைத்துப் போன நகராட்சித் தங்குமிடத்தில் பெண்களும் குழந்தைகளும் தங்க ஓர் அறை இருந்தது. சூடாக சாம்பார் சாதம் கிடைத்தது. வீடு இடிந்ததற்கு நிவாரணம் கேட்டுத் தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுக்கக் காலையில் தானே கூட வருவதாகச் சொல்லிவிட்டு சுகுணா கிளம்பினார்.

அறையில் மூன்று பாய்களைத் தள்ளித் தள்ளி விரித்திருந்தார்கள். காளீஸ்வரி மற்ற இரண்டு பாய்களையும் இழுத்து, அம்மாவின் பாயோடு ஒட்டிப் போட்டாள்.

அன்றைக்கு முழுவதும் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்த அம்மா, இருவருக்கும் நடுவில் படுத்துக் காலை நீட்டினார்.